வயிற்றில் பை வைத்த சிறுத்தை

பச்சைக்கல் டீ எஸ்டேட் மூணாவது டிவிஷன்ல இப்ப யாரும் தேதி சொல்றதில்ல. கரடிக்கு முதுகு வழுக்கையான வாரம், பன்னிங்க நீலமான வாரம், கடமானுக்குக் கொம்புல கை முளைச்ச வாரம்னுதான் கணக்கு, அந்தக் கணக்குல என் பேரும் சேர்ந்து அடிபடுது, அதனால நானே சொல்லிடறேன், விட்டா இந்த லைன் வீட்டுக்காரங்க ஆளாளுக்குக் கண்ணு காது மூக்கு வெச்சுப் பேசிட்டுத் திரிவாங்க.

நான் ஜெசிந்தா. இருபத்தாறு வருஷமா இந்த லைன் பால்வாடியில டீச்சர். தகரக் கூரை போட்ட ஒரே ரூம், பன்னெண்டு பிள்ளைங்க, சமைக்க அன்னக்கிளின்னு ஒரு ஆயா, எப்படிச் சாத்தினாலும் சாத்தாத ஒரு கதவு. கதவை மாத்தித் தாங்கன்னு நான் எழுதின லெட்டரையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டியிருந்தா அதுவே ஒரு கதவு ஆகியிருக்கும்.

முதல்ல நான் பண்ணின காரியத்தைச் சொல்லிடறேன், அதை மறைச்சுட்டு மிச்சத்தைச் சொன்னா என் நாக்கு அழுகிடும். மாசி மாசத்துல ஒரு நாள் எத்வாரி வந்தா. ஜார்க்கண்ட்ல இருந்து கொழுந்து கிள்ள வந்தவ, ஞாயித்துக்கிழமை பொறந்ததால எத்வாரி, அவ மூத்தவ புதன்ல பொறந்ததால புத்னி, சின்னவன் திங்கள்ல பொறந்ததால சோம்ரா, அவங்க ஊர்ல கிழமையே பேரு. புத்னிக்கு நாலு வயசு, அவ ஏற்கெனவே என்கிட்டதான் இருந்தா. சின்னவனையும் தூக்கிட்டு வந்து என் மேஜை மேலேயே உக்கார வெச்சுட்டு ஒண்ணும் பேசாம நின்னா, ஏன்னா கேக்கற அளவுக்கு அவளுக்குத் தமிழ் தெரியாது. நான் தேதி பார்த்தேன். ரெண்டு வயசு முடியப் பத்தொன்பது நாள் இருந்துச்சு. "ரெண்டு முடியட்டும், அப்புறம் கூட்டிட்டு வா, சட்டம் அப்படி"ன்னுட்டேன். சட்டமாம் சட்டம்! சூப்பர்வைசர் தேவசகாயத்தோட பேரனை ஒன்றரை வயசுல மடியில வாங்கினவ நான்தான். அன்னைக்கு எனக்குத் தலைவலி, அவ கேக்கத் தெரியாம நின்ன நிப்பு எனக்கு எரிச்சலா இருந்துச்சு, அவ்வளவுதான் விஷயம், வேற ஒரு காரணமும் கிடையாது.

தம்பியைப் பார்த்துக்க ஆள் இல்லாததால புத்னியும் அடுத்த நாள்ல இருந்து வரல. பதினோராவது நாள், சாயங்காலம் நாலு மணி, லைனுக்குப் பின்னாடி குழாயடியில நாலு வயசுப் பிள்ளை ரெண்டு வயசு ஆகாத பிள்ளையைப் பார்த்துக்கிட்டு இருந்த நேரத்துல, உண்ணிச்செடிப் புதர்ல இருந்து சிறுத்தை வந்து சிவப்புச் சட்டை போட்டிருந்த சோம்ராவைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. மூணு நாள் தேடினாங்க. ஒரு நூல்கூடக் கிடைக்கல. எத்வாரி என்னைத் திட்டவே இல்ல. திட்டியிருந்தாக்கூட நான் நாலு வாய் சோறு தின்னிருப்பேன். பார்த்துக்க ஆள் இல்லாமப் போனதால புத்னியை மறுபடி என்கிட்டயே கொண்டாந்து விட்டா, அந்தப் புள்ள ஜன்னலுக்குக் கீழ உக்காந்துச்சு, அன்னையில இருந்து எந்தப் பாஷையிலயும் ஒரு வார்த்தை பேசல.

அதுக்கப்புறம் டிவிஷன்ல யாருக்கும் ஒரு இடத்துல உக்காரப் புடிக்கல. சிறுத்தை போன மாதிரியும் இல்ல, இருக்கற மாதிரியும் இல்ல. காலையில கோயில் படியில தடம், மத்தியானம் ஆஸ்பத்திரி வளைவுல தடம், நாய்ங்க ஒண்ணொண்ணாக் காணாமப் போச்சு, கொழுந்து கிள்ளற பொம்பளைங்க குனிஞ்சா நிமிந்து நிமிந்தா குனிஞ்சு, புதருக்கு முதுகைக் காட்டாம கிள்ளப் பார்த்ததுல எல்லாரும் ஒரே இடத்துல சுத்திச் சுத்தி வந்தாங்க. நானும் பிள்ளைங்களை எண்ணிக்கிட்டே இருந்தேன், பன்னெண்டு, பன்னெண்டு, பன்னெண்டு.

இப்படியே ரெண்டு மாசம் போச்சு, அடுத்த மாசத்துக்குப் பால்வாடியில நடத்தச் சொல்லி வந்த தலைப்பு காட்டு விலங்குகள். நல்ல நேரம் பார்த்துத்தான் அனுப்பியிருந்தாங்க! காகிதத் தட்டு, முட்டை அட்டை, பழைய பேப்பர், அன்னக்கிளி காய்ச்சித் தர்ற மைதாப் பசை, இதை வெச்சுப் பிள்ளைங்க ஆளுக்கொரு மிருகம் செய்யணும். செய்யறது அவங்க இஷ்டம், ஆனா கண்ணு மட்டும் என் வேலை. கண்ணுக்குச் சட்டைப் பட்டன் ஒட்டுவோம், போன வருஷம் லிதேஷ்ங்கற வாலு ஒரு பட்டனை மூக்குக்குள்ள ஏத்திக்கிட்டான், அவனைப் பொள்ளாச்சி வரைக்கும் பஸ்ல தூக்கிட்டு ஓடினேன், அதுல இருந்து பட்டன் டப்பா என் மடியை விட்டு இறங்காது. எல்லாரும் செஞ்சு முடிச்சதும் நல்லா இருக்கற ஒண்ணை எடுத்து, ரெண்டு பட்டனை ஒட்டி, செவத்துல மாட்டுவேன்.

முதல் வாரம் கரடி. லிதேஷ் தட்டுல பசை பூசி டீத்தூளை அள்ளி அப்பி முடி மாதிரியே ஒட்டினான், முன்பக்கம் முடிஞ்சதும் ஒண்ணுக்கு வருதுன்னு ஓடினவன் திரும்பி வந்து வேற விளையாட்டுக்குப் போயிட்டான். நான் கண்ணை ஒட்டி மாட்டினேன். மறுநாள் காலையில பன்னெண்டாம் நம்பர் தேயிலைக் காட்டுல கரடி வந்துச்சு, முன்னாடி கருகருன்னு முடி, பின்னாடி துடைச்சு வெச்ச மாதிரி வழுக்கை, பனியில வெடவெடன்னு நடுங்கிட்டு நின்னுச்சு. யாரும் பெருசாக் கத்தல. ஐயோ பாவம், சளி புடிச்சுக்குமேன்னாங்க. யாரோ ஒருத்தி மழைக்குப் போத்திக்க எஸ்டேட்ல குடுத்த பழைய கம்பளியைத் தூக்கிப் போட்டா, அது போத்திக்கிட்டுப் போச்சு, இன்னைக்கு வரைக்கும் போத்திக்கிட்டுதான் திரியுது.

ரெண்டாவது வாரம் பன்னி. டப்பாவுல நீலக் கலர் மட்டும்தான் மிச்சம். மறுநாள் முப்பது பன்னியும் நீலம். பச்சைத் தேயிலைக்குள்ள நீலமா வந்தா தூரத்துலயே தெரியுதே, இது நல்லா இருக்கே, இத்தனை நாள் ஏன் இப்படி இல்லன்னு லைன்ல பேசிக்கிட்டாங்க.

மூணாவது வாரம் கடமான். ஜோஷிகான்னு ஒரு வாயாடி, கொம்புக்கு என்ன பண்றதுன்னு தன் கையையே பேப்பர்ல வெச்சு வரைஞ்சு வெட்டி, பக்கத்துக்கு ரெண்டுன்னு நாலு கையை ஒட்டிட்டா. மறுநாள் பெரிய ஆண் கடமான் ஒண்ணு நாலு சின்னப் பிள்ளைக் கையைத் தலையில தூக்கிக்கிட்டு வந்து, பொம்பளைங்களோட நிரை போட்டு நின்னு கொழுந்து கிள்ள ஆரம்பிச்சுது. ரெண்டு இலை ஒரு மொட்டு, அதுக்கு மேல ஒரு காம்பு வராது. தேவசகாயம் அதோட கழுத்துல ஒரு பையைக் கட்டிவிட்டு, "பார்த்துக் கத்துக்கங்கடி, மான் எப்படிக் கிள்ளுது பாருங்க"ன்னாரு. "அப்ப அதுக்கே சம்பளத்தைக் குடுங்க, நாங்க காட்டுக்குள்ள போய் மேயறோம்"னு பொம்பளைங்க கூடையை இறக்கி வெச்சுட்டாங்க, அதைச் சமாதானம் பண்ண ரெண்டு நாளாச்சு.

ஆனா அந்த மான் விஷயத்துல நான் ஒரு தப்புப் பண்ணினேன். பால்வாடி டீச்சருங்க எல்லாருக்கும் உள்ள வியாதிதான், மேலதிகாரி வர்றாங்கன்னா பிள்ளைங்க செஞ்சதை நாமளே கொஞ்சம் நேர் பண்ணி வெப்போம், கோணல் காதை வெட்டுவோம், வழிஞ்ச கலரைத் துடைப்போம், அப்புறம் பாருங்க மேடம் பிள்ளைங்களே செஞ்சதுன்னு பல்லைக் காட்டுவோம். ஜோஷிகா வரைஞ்சதுல ஒரு கைக்கு ஆறு விரல் இருந்துச்சு. மேடம் வர்றதுக்கு முன்னாடி கத்திரியால அந்த விரலை நறுக்கிட்டேன். மறுநாள் அந்த மான் பால்வாடி வாசல்ல வந்து நின்னுச்சு, தலையில ஒரு கை மூடியிருந்துச்சு, மூடின கையில இருந்து படியில ரத்தம் சொட்டுச்சு. அன்னக்கிளி மஞ்சள் துணி கட்டிவிட்டா. "ஏன் டீச்சர், அந்த விரலு உங்களை என்ன பண்ணுச்சு?"ன்னு கேட்டா. கத்திரியை அன்னைக்கே பரண் மேல போட்டேன், அதுக்கப்புறம் தொடல.

இவ்வளவும் ஆனப்புறம் டிவிஷனுக்கு யோசனை வராம இருக்குமா? ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறவங்க போய் வந்து, சர்ச்சுக்குப் போறவங்க போய் வந்து, பால்வாடி முன்னாடி கூடிட்டாங்க. தேவசகாயம் தொண்டையைச் செருமிட்டு, "டீச்சரம்மா, அடுத்த வாரம் சிறுத்தைதானே?"ன்னாரு.

"லிஸ்ட்ல அப்படித்தான் இருக்கு."

"பல்லு இல்லாமச் செய்யச் சொல்லுங்க."

"கழுத்துல மணி வெச்சா வர்றது தெரியும்"னு ஒருத்தி. "காலே வேண்டாம், பாம்பு மாதிரி ஊர்ந்து போகட்டும்"னு ஒருத்தன். "புல்லு திங்கற மாதிரி பண்ண முடியாதா?"ன்னு இன்னொருத்தர், அவருக்கு மாடு போயிருந்துச்சு. சிறுத்தையே செய்யலன்னா என்னன்னு நான் கேட்டேன். அன்னக்கிளி அடுப்படியில இருந்தே சொன்னா, "செய்யலன்னா இருக்கற மாதிரியே இருக்கும்." எத்வாரி கூட்டத்துக்குக் கடைசியில நின்னா, என்ன பேசறாங்கன்னு அவளுக்கு எவ்வளவு புரிஞ்சுதோ தெரியல.

திங்கட்கிழமை காலையில வாசல்ல தேங்காய் உடைச்சாங்க, மெழுகுவர்த்தி ஏத்தினாங்க, கண்ணு தொறக்கறாங்கன்னு பக்கத்து டிவிஷன்ல இருந்தெல்லாம் வந்துட்டாங்க. உள்ள பன்னெண்டு பிள்ளைங்களும் தட்டைத் தூக்கிட்டு உக்காந்தா, ஜன்னல்ல முப்பது தலை, "பல்லு வேண்டாம் கண்ணு, பல்லு வேண்டாம் தங்கம்"னு கெஞ்சுது. சின்னப் பிள்ளைகிட்ட வேண்டாம்னு சொன்னா என்ன நடக்கும்னு பெத்தவங்களுக்கே தெரியல! லிதேஷ் வாய்ல பல்லு, கால்ல பல்லு, வாலு முழுக்கப் பல்லு வெச்சான். இன்னொண்ணு தட்டு முழுக்கப் பல்லா வரைஞ்சு சிறுத்தையையே மறந்துடுச்சு. ஜோஷிகா மட்டும் வாயே வெக்கல, கழுத்துல ஒரு மணி ஒட்டினா. "அதுதான்! அதுதான்! அதுக்குக் கண்ணு வைங்க டீச்சரம்மா"ன்னு தேவசகாயம் ஜன்னல் கம்பியைப் புடிச்சு ஆட்டினாரு, வெளியில கை தட்டினாங்க.

அப்பதான் புத்னி எந்திரிச்சு வந்து அவ செஞ்சதை என் மடியில வெச்சா. மஞ்சள் தட்டு, கரியில பெருவிரலைத் தொட்டுத் தொட்டு வெச்ச புள்ளி, வாய்ல எண்ணி நாலு பல்லு. வயித்துல இன்னொரு பாதித் தட்டைக் கவுத்து ஒட்டிப் பை மாதிரி பண்ணியிருந்தா. பைக்குள்ள மார்பு வரைக்கும் வெளியில தெரியற மாதிரி சின்னதா ஒரு பேப்பர் ஆளு, சிவப்புச் சட்டை, அதுக்குக் கண்ணு அவளே வரைஞ்சிருந்தா. விழுந்துடக் கூடாதுன்னு மூணு தடவை பசையை ஊத்தியிருந்தா, இன்னும் காயாம வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அவ என் கையில இருந்த ரெண்டு பட்டனைப் பார்த்துக்கிட்டு நின்னா, அவங்கம்மா அன்னைக்கு நின்ன அதே நிப்பு.

ஏசப்பா! ஜோஷிகாவோடதுக்கு வெச்சா டிவிஷனே நிம்மதி, வாய் இல்லாத சிறுத்தை பத்து நாள்ல பட்டினியில சாகும், அது வயித்துல என்ன இருக்கோ அதுவும் அதோட போயிடும். புத்னியோடதுக்கு வெச்சா நாலு பல்லும் நாலு பல்லாவே இருக்கும், என்கிட்ட பன்னெண்டு பிள்ளைங்க, சாத்தாத கதவு. நான் தைரியசாலி எல்லாம் கிடையாது, கரப்பான் பூச்சிக்கே கத்தறவ. "கண்ணு வெக்கறப்ப யாரும் பார்க்கக் கூடாது, பார்த்தா பலிக்காது"ன்னு வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிப் பிள்ளைங்களையும் வெளியில அனுப்பினேன். ஜன்னலைச் சாத்தினேன். அவசரமா ஒட்டினதுல இடது கண்ணு கொஞ்சம் மேல ஏறிப் போச்சு.

மறுநாள் பத்து மணிக்கு, அன்னக்கிளி முட்டை உரிச்சுக்கிட்டு இருந்த நேரம், இடது கண்ணு மேல ஏறின சிறுத்தை கதவைத் தலையால தள்ளிட்டு உள்ள வந்து நடு ரூம்ல சாய்ஞ்சு படுத்துச்சு. அதோட வயித்துப் பையில இருந்து சிவப்புச் சட்டையோட சோம்ரா எட்டிப் பார்த்தான். "டீச்சர், புத்னி தம்பி வந்திருக்கான்"னு லிதேஷ் சொல்லிட்டு, முட்டை எங்கன்னு கேட்டான். நான் செவத்தோட ஒட்டிக்கிட்டு நின்னேன். புத்னி நேராப் போய் தன் முட்டையைப் பிட்டுத் தம்பி வாய்ல வெச்சா, அவங்க பாஷையில ஏதோ சொன்னா, அப்புறம் நிறுத்தவே இல்ல, மூணு மாசம் பேசாததை எல்லாம் சேர்த்துப் பேசினா. எனக்கு ஒரு வார்த்தை புரியல. ஓன்னு அழுதுட்டேன்.

ஆளுங்க ஓடி வந்தாங்க. தேவசகாயம் என்னைப் பார்த்து, "ஊரே பல்லு வேண்டாம்னு சொல்லுச்சு, நீங்க பல்லோட கொண்டாந்து பிள்ளைங்க நடுவுல படுக்க வெச்சிருக்கீங்களே, நீங்கல்லாம்..."னு ஆரம்பிச்சவரு பையைப் பார்த்தாரு, துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டாரு. எத்வாரி முதுகுக் கூடையைக்கூடக் கழட்டாம வந்து, சிறுத்தை முன்னாடி மண்டி போட்டு, பிள்ளையோட அக்குள்ல கை குடுத்து இழுத்தா. வரல. சிறுத்தை வலியில உறுமிச்சு, பிள்ளை வீல்னு கத்தினான். மூணு தடவை ஊத்தின பசை, எப்படி வரும்? யாரோ கவாத்துக் கத்தியை நீட்டினாங்க. "கத்தி வேண்டாம்! யாரும் கத்தியைக் கிட்ட கொண்டு வராதீங்க!"ன்னு நான் போட்ட சத்தத்துல சிறுத்தையே திரும்பிப் பார்த்துச்சு.

மைதாப் பசை எதுக்கு விடும்னு எனக்குத் தெரியும், இருபத்தாறு வருஷமாச் செவத்துல ஒட்டினதை வருஷா வருஷம் சுரண்டறவ நான். வெந்நீர்த் துணி வெச்சு ஊற விடணும், அவசரப்படக் கூடாது. எத்வாரி துணியைத் தோய்ச்சுத் தோய்ச்சு வெச்சா, நான் அடுப்பை விட்டு நகரல. ஒரு நாள், ரெண்டு நாள். முதல்ல எட்டி நின்னு பார்த்தவங்க அப்புறம் வீட்டுல இருந்து குண்டான் குண்டானா வெந்நீர் கொண்டாந்தாங்க, தேவசகாயம் எந்த லைன் எந்த நேரத்துக்குன்னு முறை எழுதித் தந்தாரு, கோழி வளர்க்கறவங்க மனசே இல்லாம ஆளுக்கொரு கோழி குடுத்தாங்க. சிறுத்தை கோழியைத் தின்னுட்டு, பிள்ளை தலையை நக்கிக் குடுத்துட்டு, வெந்நீர் பட்ட சுகத்துல தூங்குச்சு. அதோட முதுகுல சாய்ஞ்சு பிள்ளைங்க பாட்டுப் பாடினாங்க. நான் வெந்நீர் ஊத்தறப்ப சோம்ராவைப் பார்த்தேன், என் மேஜையில உக்காந்தப்ப எலும்பும் தோலுமா இருந்தவன், இப்பக் கன்னம் ரெண்டும் உப்பி மினுமினுன்னு இருந்தான். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான் வரணும், ஆனா வேற என்னவோ வந்துச்சு.

மூணாவது நாள் மூணு மணிக்குப் பிள்ளை வெளியில வந்தான், இடது கால் கடைசியா. சிறுத்தை எந்திரிச்சு, காலிப் பையை மோந்து பார்த்துச்சு, எத்வாரி மடியில இருந்தவனை மோந்து பார்த்துச்சு, வெளியில போச்சு. பொம்பளைங்க வழி விட்டாங்க.

நான் அதுக்குள்ள எல்லாம் தயாரா வெச்சிருந்தேன். புதுப் பாய், புதுத் தட்டு, சத்துமாவு உருண்டை. எத்வாரி கையைப் புடிச்சுக்கிட்டு, "காலையில ஆறு மணிக்கே கொண்டாந்து விட்டுடு, நீ எப்ப வர்றியோ அது வரைக்கும் நான் வெச்சுக்கறேன், சட்டமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்"னு சொன்னேன், தமிழ்ல சொன்னேன், எனக்குத் தெரிஞ்ச ரெண்டு ஹிந்தி வார்த்தையில சொன்னேன், கையால காட்டினேன். அவ தலையை ஆட்டினா. பிள்ளை கால்ல ஒட்டியிருந்த பசையைத் தன் சேலையில துடைச்சு, அவனை முதுகுல கட்டிக்கிட்டு, புத்னியைப் புடிச்சுக்கிட்டுப் போனா. தலையை ஆட்டினதுக்கு என்ன அர்த்தம்னு நானா ஒண்ணை வெச்சுக்கிட்டு, அன்னைக்கு மூணு மாசத்துக்கப்புறம் வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஆறு மணிக்கே வாசல்ல நின்னேன். எத்வாரி வந்தா, முதுகுல பிள்ளை, கையில புத்னி, கூடையைத் தலையில மாட்டியிருந்தா. பால்வாடியைத் தாண்டி நேராப் போனா. நான் கூப்பிட்டேன், அவ நிக்கல. பன்னெண்டாம் நம்பர் மேட்டுல, சோலை ஆரம்பிக்கற இடத்துல சிறுத்தை படுத்திருந்துச்சு. எத்வாரி முதுகுத் துணியை அவுத்து, பிள்ளையை இறக்கி, அதோட வயித்துப் பையில வெச்சு, பையோட ஓரத்தை இழுத்து மார்பு வரைக்கும் மூடினா. புத்னி பக்கத்துல உக்காந்து வாலைப் புடிச்சு விளையாட ஆரம்பிச்சா. நிரை போட்டு நின்ன பொம்பளைங்க ஒரு தடவை பார்த்துட்டுக் கொழுந்துக்குக் குனிஞ்சுட்டாங்க, இந்த மூணு மாசத்துல முதல் தடவையா புதருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு.

நான் மூச்சு வாங்க மேடேறி ஓடினேன். "உனக்குப் பைத்தியமா எத்வாரி? அதுக்குப் பல்லு இருக்குடி! என்கிட்ட குடு, நான் வெச்சுக்கறேன்னு சொன்னேன்ல?"

அவளுக்குத் தெரிஞ்ச தமிழ் எல்லாம் கொழுந்து, தண்ணி, எடை, லேட்டு, சிறுத்தைக்கு லைன்ல சொல்ற புலி, இப்ப என் வாயில இருந்து எடுத்த 'வெச்சுக்க', அவ்வளவுதான். கோவமே இல்லாம, எடை எவ்வளவுன்னு கேட்டாச் சொல்ற மாதிரி சொன்னா.

"புலி வெச்சுக்கிச்சு டீச்சர். நீ வெச்சுக்கல."

சொல்லிட்டுக் கொழுந்து கிள்ளப் போயிட்டா.